சதையில் எண்ணெய் இல்லை

ஜூன் 21

நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வை என்று சங்கத்து வக்கீல் சொல்லியிருக்கிறார். கேஸுக்கு உதவுமாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வலைக்கு வந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். அந்தப் பாவத்துக்குச் செயலாளர் பதவியையும் என் தலையில் கட்டினார்கள், இப்போது எழுத்து வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் விவரம். என் பெயர் வஜ்ஜிரவேலு. அலைமேட்டுக் குப்பம் மீனவர் சங்கச் செயலாளர். எங்கள் ஊருக்கு முன்னால் கடல், பின்னால் ஆறு. ஆறு என்று சொல்கிறோமே தவிர, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து நிற்கிற உப்புத் தண்ணீர்தான் அது. மடவை மீனும் இறாலும் மட்டிச் சிப்பியும் அதில்தான். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறோம். அதைப் பாடு என்போம். முந்தாநாள் காலை என் பாடு. நான் வலையை இறக்கியபோது ஆற்றில் கறுப்பு எண்ணெய் மிதந்து வந்தது. வலையும் போச்சு, பாடும் போச்சு.

எண்ணெய்க் கம்பெனியின் குழாயில் "எங்கோ ஓரிடத்தில் கசிவு" என்று டிவியில் சொன்னார்கள். எங்கே என்று எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளையைக் கேட்டாலும் காட்டும்.

ஜூன் 24

மூன்று நாளாக வாளியால் எண்ணெய் மொண்டோம். கம்பெனி ஆட்கள் கையுறை கொடுத்தார்கள், இரண்டு மணி நேரத்தில் கிழிந்தது. மேலே மிதந்ததைத்தான் மொள்ள முடிந்தது. மீதி சேற்றில் இறங்கிவிட்டது. காலை வைத்தால் சேற்றுக்குள்ளிருந்து வானவில் நிறத்தில் மேலே வருகிறது. கையில் ஒட்டியது சோப்புக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். எண்ணெயை எடுக்க எண்ணெய்.

ஜூன் 30

மீன்வளக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, மீன் டாக்டர். பெயர் ஜெபமலர். தூத்துக்குடிப் பக்கம். என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். ஊர்த் தலைவரான நாட்டார் தேசப்பன் சிரித்துவிட்டு, "வஜ்ரு, ரெண்டு கிலோ துவரம்பருப்பு குடு" என்றார். எனக்கு எரிச்சல்தான்.

அந்தம்மா கம்பெனி ஆளும் இல்லை, அரசாங்கம் அனுப்பிய ஆளும் இல்லை. ஆற்று மீனைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். மடவை சேற்றை மேய்கிற மீன், அதனால் மடவையே வேண்டும், இருபது வேண்டும் என்றார். நாளை மறுநாள் ஐஸ் வைத்து அனுப்புகிறேன் என்றேன்.

ஜூலை 2

மீன் அனுப்பினேன். டாக்டரம்மா போனில் கத்தாத குறை.

நடந்தது இதுதான். மீனை அஞ்சலாட்சியிடம் கொடுத்துப் பெட்டியில் அடுக்கச் சொன்னேன். அஞ்சலாட்சி என் மனைவி, பாலத்து மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். ஐஸ் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் இருபது மீனையும் செதிள் எடுத்து, வயிற்றைக் கீறிக் குடல் குந்தாணியெல்லாம் வாரிப் போட்டுவிட்டு, மஞ்சள் தேய்க்காதது ஒன்றுதான் பாக்கி. அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பார்க்க அழகாக இருந்தது, அனுப்பிவிட்டேன்.

"குடலுக்குள்ளதான் எனக்கு வேலையே இருக்கு அண்ணாச்சி. ஈரலும் பித்தப்பையும் இல்லாம நான் எதைப் பாக்க?" என்றார் டாக்டரம்மா.

அஞ்சலாட்சியிடம் சொன்னால் அவளுக்குக் கோபம். "இன்னாயா பேசற? அம்மாம் படிச்ச பொம்பளைக்கி மீன் குடுத்தனுப்பறது, குடலோடயா குடுப்பாங்க? மருவாதி வாணாம்? ஒரு மீனுல பித்தம் ஒடைஞ்சிருந்தா சொல்லு, நான் கத்திய கீழ வெச்சிட்றேன்."

ஒன்றிலும் உடையவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

வந்த மீனில் சதையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன், பித்தத்துக்கு மறுபடி முழு மீன் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஜூலை 5

மறுபடி இருபது மடவை. இந்தத் தடவை நானே உட்கார்ந்து அடுக்கினேன். அஞ்சலாட்சி பக்கத்தில் வரவில்லை.

ஜூலை 9

அஞ்சலாட்சி காலையில் கொண்டுபோன கூடையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். இது ஆறாவது நாளோ ஏழாவது நாளோ. பாலத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள், "எந்த ஊர் மீன்?" என்று கேட்கிறார்கள், ஊர் பேரைச் சொன்னதும் வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். ஒரு அம்மாள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாளாம். கடலில் பிடித்த மீனையும் வாங்கவில்லை. எங்கள் கை பட்டாலே எண்ணெயாம்.

மாலையில் கூடையோடு பின்பக்கம் போய்க் குழி தோண்டிப் புதைத்தாள். நான் உதவிக்குப் போனேன். "நீ போ" என்றாள். அவள் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 15

டாக்டரம்மா நேரில் வந்தார். சதை ரிப்போர்ட் வந்துவிட்டது. சதையில் எண்ணெய் ஏறக்குறைய இல்லை. தாராளமாகச் சாப்பிடலாம். மட்டி மட்டும் கூடாது.

எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அந்தம்மாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. சங்கத்துக் கட்டடத்தில் பெண்கள், ஆண்கள், நாட்டார் எல்லோரும் இருந்தார்கள். ஒரு மடவையை வாங்கி, அஞ்சலாட்சியின் அருவாமனையில் தானே கீறிக் காட்டினார். சுமாராகத்தான் கீறினார். அஞ்சலாட்சிக்குக் கை பரபரத்தது.

"எண்ணெய் செவுள் வழியாவும் உள்ள போகும், மேயுற சேத்து வழியாவும் போகும். ரத்தத்துல கலந்து இங்க வரும். இது ஈரல். எண்ணெய் தண்ணியில கரையாதுல்லா? ஈரல் அதைப் பிடிச்சு, கரையுற மாதிரி மாத்தி, இந்தா, இந்தப் பித்தப்பையில ஊத்திரும். பித்தம் குடலுக்குப் போவும், குடல் வழியா வெளிய போயிரும். அதனாலதான் சதையில தங்கல."

"அப்ப மீனு தன்னத்தானே கழுவிக்குது" என்றார் நாட்டார்.

"கழுவிக்கிடும். ஆனா சும்மா இல்ல. மாத்துற வழியில நடுவுல ஒரு பொருள் உண்டாகும். அது எண்ணெயைவிட மோசம். அது ஈரலையே அரிக்கும், புண்ணாக்கும். முட்டைக்குள்ள போன எண்ணெய் குஞ்சோட இதயத்தைக் கோணலாக்கிரும். நமக்கு நல்ல மீனைக் குடுத்துட்டு அது சாகும். சேத்துல எண்ணெய் இருக்குற வரைக்கும் ஈரலுக்கு ஓய்வே கிடையாது."

"மட்டி?" என்று கேட்டாள் செங்கேணி. ஊரில் மட்டி பொறுக்குகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் வாய்.

"மட்டிக்கு இந்த வேலை அவ்வளவாத் தெரியாது. வாங்கினதை உள்ளயே வச்சுக்கிட்டு இருக்கும்."

"அப்ப மட்டிதான் யோக்கியம்" என்றாள் செங்கேணி. எல்லோரும் சிரித்தார்கள்.

போகும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இது பாதி ரிப்போர்ட். பித்தம் வர்ற வரைக்கும் இந்தத் தாளை வெளிய காட்டாதீங்க. சதை சுத்தம்னா ஆறு சுத்தம்னு எவனாவது சொல்லிருவான்." சரி என்றேன்.

கேஸ் என்று வக்கீல் சொல்வதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆற்றின் அடிச் சேற்றைக் கம்பெனி செலவில் வாரி எடுக்க வேண்டும், அதுதான் நாங்கள் கேட்பது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைத் தலைவராகப் போட்டு விசாரணைக் குழு வைத்திருக்கிறார்கள். எண்ணெய் முகத்துவாரத்தோடு நின்றுவிட்டது, உள்ளே வரவில்லை என்று கம்பெனி சொல்கிறது. எண்ணெய் உள்ளே வந்தது என்பதற்கு எங்கள் சாட்சி மீனின் பித்தம்.

ஜூலை 18

சங்கக் கூட்டம். பெண்கள் சண்டை போட்டார்கள். மீன் விற்கவில்லை என்றால் அடுப்பு எரியாது, சேற்றை வாரினால் என்ன வாராவிட்டால் என்ன என்று கேட்டார்கள். அதிகாரிகளையும் டிவிக்காரர்களையும் கூப்பிட்டு, ஊர் நடுவில் மீன் வறுத்து எல்லோரும் சாப்பிட்டுக் காட்டினால் ஜனங்களுக்குப் பயம் போகும் என்று ஒரு யோசனை வந்தது. யார் சொன்னது என்பது இப்போது முக்கியமில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜூலை 22

மீன் வறுவல் நடந்தது. பந்தல், ஒலிபெருக்கி, மூன்று பெரிய வாணலி. அஞ்சலாட்சிதான் மசாலா. ஒரு வாரமாகத் தூங்காத முகம் அவளுக்கு, இருந்தாலும் தலையில் பூ வைத்திருந்தாள். அதிகாரிகள் வந்தார்கள், முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்கள். கம்பெனியிலிருந்தும் இரண்டு பேர் வந்து ஓரமாக நின்றார்கள். அவர்களுக்கும் இலை போட்டோம், வந்தவர்களைப் பட்டினி அனுப்புகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

அந்தச் சதை ரிப்போர்ட் எப்படியோ பத்திரிகைக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. கூட்டத்தில் எது எப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள், நானும் நாலு வார்த்தை பேசினேன்.

ஜூலை 24

கூடை காலி. அஞ்சலாட்சி பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு முறுக்கு வாங்கி வந்திருந்தாள்.

ஜூலை 25

டாக்டரம்மா போன் செய்தார். டிவி பார்த்தாராம். "ஏன் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். நான் பெண்களின் கஷ்டத்தைச் சொன்னேன். அந்தம்மாவுக்கு என்ன, மாதம் பிறந்தால் சம்பளம். இந்த வரியை வக்கீலிடம் காட்ட வேண்டாம்.

ஆகஸ்ட் 11

பித்தம் ரிப்போர்ட் வந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று டாக்டரம்மா கல்லூரிக்குக் கூப்பிட்டார். நானும் நாட்டாரும் போனோம். சின்ன அறை, ஜன்னலில் கறுப்புத் துணி. இரண்டு கண்ணாடிக் குப்பி. இரண்டிலும் தண்ணீர் கலந்த பித்தம், பார்க்க ஒரே மாதிரி வெளிர்ப் பச்சை. ஒன்று தெற்கே ஏதோ சுத்தமான உப்பங்கழியில் பிடித்த மடவை, மற்றொன்று எங்கள் ஆற்று மடவை. அறை விளக்கை அணைத்துவிட்டு, கள்ள நோட்டு பார்க்கிறார்களே, அந்த மாதிரி ஒரு விளக்கைப் பிடித்தார்.

அந்த ஊர்க் குப்பி சும்மா கிடந்தது. எங்கள் குப்பி நீலமாக எரிந்தது.

"ஈரல் மாத்தி அனுப்பின எண்ணெய்தான் இப்படி மினுங்குது. விளக்கு பிடிக்குறது உங்க கண்ணுக்குக் காட்ட. அளவு மெஷின்ல தனியா எடுத்திருக்கேன். அந்த ஊர் மீனைவிட அறுபது மடங்கு. எண்ணெய் ஆத்துக்குள்ள வரலன்னு இனிமே ஒருத்தனும் சொல்ல முடியாது."

நாட்டார் அந்தக் குப்பியைக் கையில் வாங்கினார். "சாமி வெளக்கு மாதிரி எரியுதே. பாவி மீனு. இத்தினி எண்ணெய உள்ள வெச்சிகினாடா நம்பள துன்ன வுட்டுச்சி?"

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த மீன் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. தன் ஈரலைத் தானே தேய்த்துக்கொண்டு எங்கள் தட்டுக்குச் சுத்தமாக வந்தது.

ஆகஸ்ட் 30

ஈரல் படமும் வந்திருக்கிறது. புண். ஜெயித்துவிடலாம் என்கிறார் வக்கீல்.

செப்டம்பர் 19

விசாரணை நடந்தது. கேட்டதற்குப் பதில் சொன்னேன். தலைவலி.

செப்டம்பர் 21

வக்கீல் இனிமேல் இதைக் கேட்க மாட்டார். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

முதலில் டாக்டரம்மா பேசினார். குப்பிகளை மேசையில் வைத்தார், படங்களைக் காட்டினார். நீதிபதி ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். நல்ல சிவப்பு, நல்ல பேச்சு.

"டாக்டர், இந்த மீனோட சதையைச் சாப்பிடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"சாப்பிடலாம். ஆனா..."

"நன்றி. இந்தப் பித்தப்பையை யாராவது சாப்பிடுறாங்களா?"

"யாரும் சாப்பிட மாட்டாங்க. அது இல்ல கேள்வி..."

"எனக்குக் கேள்வி அவ்வளவுதான்."

அடுத்து என்னைக் கூப்பிட்டார். நான் நிற்கும்போதே சுவரில் படம் ஓடியது. பந்தல், வாணலி, அஞ்சலாட்சி, அவள் தலையில் பூ. அப்புறம் நான். ஒரு கையில் முழு மடவை வறுவல், மற்றொரு கையில் அந்தச் சதை ரிப்போர்ட். பெரிய திரையில் என் பல் எல்லாம் தெரிந்தது.

"எங்க ஆத்துல எண்ணெயாவது ஒண்ணாவது! ஒரு சொட்டு கெடயாது. இருந்தா மீனு காட்டிக் குடுத்துடாதா? இந்தா, டாக்டரம்மாவே எழுதிக் குடுத்துகிறாங்க. எங்க ஆறு கண்ணாடி மாதிரி கீது. தெகிரியமா வந்து துன்னுட்டுப் போங்க!"

படத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அத்தனை கூட்டத்தில் பேசியது எனக்கு அப்படி வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இல்லை.

"அன்னைக்குப் பொய் சொன்னீங்களா, இன்னைக்குப் பொய் சொல்றீங்களா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

"மீனு நல்ல மீனுதான் சார். ஆறுதான் கெட்டுப் போச்சி" என்றேன்.

"கெட்ட ஆத்துல நல்ல மீன் எப்படி இருக்கும்?"

ஈரலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். செவுள், ஈரல், பித்தம் என்று நான் சொல்லச் சொல்ல, "நீங்களும் டாக்டரா?" என்றார். பின்னால் சிரித்தார்கள்.

நீதிபதி ஐயா கையைக் காட்டிச் சிரிப்பை நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் இப்படி ஆயிற்று. நிதானமாகச் சொன்னார்: "இந்தப் பித்த ரிப்போர்ட்டை நான் ஏத்துக்கலாம். ஏத்துக்கிட்டா ஆத்துல எண்ணெய் இருக்குன்னு ஆகும், சேத்தை வாரச் சொல்லி உத்தரவு போடலாம். ஆனா எண்ணெய் இருக்கிற ஆத்து மீனை விக்கலாம்னு என்னால எழுத முடியாது. வாரி முடிக்கிற வரைக்கும் விற்பனைக்குத் தடை போடணும். ஒண்ணரை வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகலாம். உங்க சங்கம் எதைக் கேக்குது? கலந்து பேசிட்டு வாங்க."

டாக்டரம்மா எழுந்து, "ஐயா, தடை தேவையில்ல, சதை..." என்று ஆரம்பித்தார். உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"ரெண்டு வருசம் கூடைய கவுத்து வெச்சிட்டு இன்னாத்த துன்றது?" என்றாள் அஞ்சலாட்சி. "இப்பதான் ஒருத்தன் ரெண்டு பேரு வண்டிய நிறுத்தறான். தடைன்னு பேப்பர்ல வந்துட்சின்னா, தடைய எட்த்த பொறவும் ஒருத்தனும் வர மாட்டான். பாலத்துல ஒருத்தி மூஞ்சிய மூடிகினு கேட்டாளே, நீயா அங்க குந்திகினு இருந்த?"

"ஆறே போச்சின்னா கூடைய வெச்சிகினு இன்னாடி பண்ணுவ?" என்றாள் செங்கேணி.

"ஆறு எங்கடி போவுது? எண்ணெய் தானா போயிடும். மழை பேஞ்சா அடிச்சிகினு போயிடும்."

நாட்டார் என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன். நீயே ஒண்ணு சொல்லு வஜ்ரு." இதுவரை எந்த விஷயத்தையும் அவர் என்னிடம் விட்டதில்லை.

உள்ளே போனேன். பித்த ரிப்போர்ட்டைச் சங்கம் திரும்பப் பெற்றுக்கொள்கிறது என்று சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். டாக்டரம்மா குப்பிகளைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் 10

உத்தரவு வந்தது. மீன் உண்ணத் தகுந்தது, ஆகவே ஆற்றின் உட்பகுதி பாதிக்கப்படவில்லை, சேறு வாரத் தேவையில்லை. கம்பெனி நல்லெண்ணத்தின் பேரில் எங்கள் ஊருக்கு ஒரு மீன் விற்பனைக் கூடம் கட்டித் தரும். டைல்ஸ் போட்டு.

நவம்பர் 27

நல்ல மழை. இந்த மழையில்தான் மடவைக் குஞ்சு முகத்துவாரம் ஏறி உள்ளே வரும். கரையில் நின்றால் தண்ணீர் கொதிப்பது போல் தெரியும். நாலு நாளாகப் போய்ப் பார்க்கிறேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கிறது. எண்ணெயை மழை அடித்துக்கொண்டு போகவும் இல்லை, சேற்றை மிதித்தால் இன்னும் அதே வானவில்.

டிசம்பர் 16

இன்று என் பாடு. நான் போகவில்லை. நேற்று செங்கேணியின் புருஷன் பாடு, அவனும் போகவில்லை. முன்பெல்லாம் அரை நாள் பாடு போனாலும் மண்டை உடைந்திருக்கிறது. இப்போது "நீ போயேன், நீ போயேன்" என்று விட்டுக்கொடுக்கிறோம். ஊர் ஒற்றுமையாகிவிட்டது.

புதுக் கூடத்தில் வியாபாரம் மட்டும் குறைவில்லை. டிவியில் காட்டிய ஆற்று மடவை என்று காரில் வந்து கேட்கிறார்கள். ஆந்திராவிலிருந்து லாரி விடிகாலையில் வருகிறது. அஞ்சலாட்சி இரண்டு பெட்டி எடுக்கிறாள். நல்ல மடவைதான், எங்கள் மடவையைவிடப் பெரியது. "ஆத்து மீனும்மா, ஆத்து மீனு" என்று கூவுகிறாள். கேட்கிறவர்களிடம் ஆறு எது என்று அவள் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

ஜனவரி 9

டாக்டரம்மா போன். எத்தனை மாதம் கழித்து. கோபம் எதுவும் இல்லாத குரல். கேஸ் போனால் போகட்டும், தன் ஆராய்ச்சியை விடவில்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் இருபது மடவை வேண்டும். "முழுசா அண்ணாச்சி, குடலோட" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஜனவரி 10

காலையில் தண்ணீர் ஏறும்போது ஒரு தடவை, மாலையில் வற்றும்போது ஒரு தடவை வலை போட்டேன். நாலு கெளுத்தி, ஒரு பாம்பு, நிறைய பிளாஸ்டிக்.

ஜனவரி 11

முகத்துவாரம் வரை போய்ப் பார்த்தேன். செருப்பில் தார்.

அஞ்சலாட்சி சொன்னாள்: "ஆத்துல மீன் இல்லன்னு அந்தம்மா எழுதிச்சின்னா நம்ம மீன எவன் வாங்குவான்? ரோசன பண்ணு."

ஜனவரி 12

டாக்டரம்மாவுக்கு இருபது மடவை அனுப்பினேன். முழு மீன். நல்ல பெரிய மீன்.

ஜனவரி 13

"கொஞ்சம் பழசா இருக்கே?" என்று கேட்டார். ஐஸ் அப்படி என்றேன்.

ஜனவரி 30

கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மா போன் செய்தார். மூச்சு வாங்கப் பேசினார், ஓடி வந்தவர் மாதிரி.

"அண்ணாச்சி! உங்க கிட்டதான் முதல்ல சொல்லுதேன். விளக்கு பிடிச்சுப் பாத்தேன், மினுக்கமே இல்ல. மெஷின்லயும் வச்சுப் பாத்துட்டேன். ஈரல்ல ஒரு புண்ணு கிடையாது. மீன் ஒவ்வொண்ணும் என்ன சதைப்பிடிப்பு! இவ்வளவு சீக்கிரத்துல ஒரு ஆறு தேறி நான் பாத்ததே இல்ல. அன்னைக்கு நீங்க ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்குனப்ப எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? ராத்திரி தூங்கல. இப்ப நினைச்சா, நீங்க சொன்னதுதான் சரி. ஆத்தை எங்களைவிட உங்களுக்குத் தெரியும்."

நான் ஆந்திராப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்.

"இருக்கேன் டாக்டரம்மா. ரொம்ப சந்தோசம்."

கட்டுரை எழுதப் போகிறாராம். உங்கள் ஊர் பெயரைப் போடுவேன், உங்கள் பெயருக்கும் நன்றி போடுவேன் என்றார். எண்ணெய் கொட்டுகிற மற்ற இடங்களிலும் அவசரப்பட்டுச் சேற்றைக் கலக்காமல் சும்மா விட்டால் போதும் என்பதற்கு எங்கள் ஆறு சாட்சியாக இருக்குமாம்.

போனை வைத்தேன். அஞ்சலாட்சி காலிப் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாவாம்?"

"ஆறு நல்லா ஆயிட்சாம்."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கி மூணு பெட்டியா சொல்லிடு" என்றாள். "லாரிக்காரன் அங்க ஏத்தறதுக்குள்ள சொல்லிடணும்."